முதல் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டதா? உள் அலங்கார வேலையைத் தொடங்கும் முன் இதைப் படியுங்கள்

சாவி கைக்கு வந்த அன்றே எல்லாரும் கைப்பேசியில் படம் சேர்க்க ஆரம்பித்துவிடுகிறோம். சாம்பல் நிறச் சுவர், தங்கக் கைப்பிடி, மறைவாக எரியும் விளக்கு என்று ஒரே வாரத்தில் இருநூறு படம் சேர்ந்துவிடும். எங்கள் நாலறை வீட்டு வேலை முடிவதற்குள் பட்ட பாட்டில் நான் தெரிந்துகொண்டது வேறு. பொருள் வைக்க இடம், பிளக் பாயின்ட், தண்ணீர்க் குழாய், வேலை நடக்கும் வரிசை, கையெழுத்திட்ட தாள் ஆகிய ஐந்தும் ஒழுங்காக இருந்தால் வெறும் வெள்ளைச் சுவர்கூடப் பார்க்க நன்றாக இருக்கும். ஆகவே நிறத்தைப் பற்றிய பேச்சு இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பின்னால்தான் வரும்.

பெரும்பாலும் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளை வைத்தே எழுதுகிறேன். கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) என்றால் நிர்வாகக் குழுவின் விதிகளும் முன்பணமும் தனி. அதை முதலில் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதல் மாதம்: குறை பார்ப்பது

மின்சாரம், தண்ணீருக்கு எஸ்பி குழுமத்தில் கணக்குத் திறந்துவிடுங்கள். அது இல்லாமல் குறை பார்க்கவும் முடியாது, வேலை நடக்கவும் முடியாது.

புது பிடிஓ வீட்டுக்கு (விண்ணப்பித்த பிறகு வீவக புதிதாகக் கட்டித் தரும் வீடு) சாவி வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு குறை நிவர்த்திக் காலம் உண்டு. ஆனால் வேலை தொடங்கும் முன் தெரிகிற குறைகளை முதல் மாதத்துக்குள் வீவக கட்டட சேவை நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு டார்ச், ஒட்டுத்தாள், ஒரு வாளி, ஒரு நாணயம் போதும். நாணயத்தால் தரை ஓட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் சிமெண்டு பிடிக்காத இடத்தில் சத்தம் வெற்றாகக் கேட்கும். அங்கே ஒட்டுத்தாளை ஒட்டி எண் எழுதிப் படம் எடுங்கள். குளியலறையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி, வடிகால் பக்கம் ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். கதவு, சன்னல் ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள்.

இந்தக் குறைகள் சரியாகும்வரை, அலங்கார வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளரை உள்ளே விடாதீர்கள். அவர் வந்து ஓடு ஒட்டிய பிறகு எது யார் செய்த குறை என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுவிற்பனை வீடு என்றால் பார்க்க வேண்டியவை வேறு. கூரையில் சிமெண்டு உரிந்து கம்பி தெரிகிறதா, குளியலறைக் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். மேல்வீட்டிலிருந்து தண்ணீர் கசிந்தால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இரண்டு வீட்டாருக்கும் உண்டு. அதை முடித்துவிட்டுத்தான் புது ஃபால்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே போடும் பொய்க்கூரை). 1994க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் வீட்டுக்குள் வரும் மின்சாரத்தின் அளவு குறைவாக இருக்கக்கூடும். குளிரூட்டி வாங்குவதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டிவிடுங்கள்.

2. எதில் கை வைக்கக்கூடாது

டிசைனர் வரையும் படத்தில் எல்லாம் சாத்தியமாகவே தெரியும். விதிகளை நீங்களும் தெரிந்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கட்டடம் கட்டி முடித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குக் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை உடைக்க அனுமதி இல்லை. அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விடும் என்பதே காரணம். பழைய ஓட்டின் மேல் புது ஓட்டை ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் கதவின் அடிப்பாகம் இடிக்குமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் வீட்டுப் பாதுகாப்பறையின் சுவர், கூரை, கதவு எதையும் இடிக்கவோ மாற்றவோ முடியாது. அதில் துளை போடுவதற்கே கட்டுப்பாடு உண்டு. அதனால் சுவரில் பொருத்தாத, தரையில் நிற்கும் இரும்பு அடுக்குகளை வாங்குங்கள். தூண், உத்தரம், கான்கிரீட் சுவர் ஆகியவற்றையும் தொடக்கூடாது. எந்தச் சுவர் எப்படிப்பட்டது என்று பார்க்க வீவக இணையத்தளத்தில் உங்கள் வீட்டுத் தரைப்படத்தைச் சில வெள்ளிக்கு வாங்கலாம். டிசைனரைப் பார்க்கப் போகும்போது அது கையில் இருக்கட்டும்.

தரைக்குப் போடும் சிமெண்டும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டக்கூடாது. தரை தாங்கும் எடைக்கு வரம்பு சதுர மீட்டருக்கு 150 கிலோ. பெரிய மீன்தொட்டி, கருங்கல் மேடை என்றெல்லாம் ஆசை இருந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். புது வீடுகளின் கூரை உயரம் சுமார் 2.6 மீட்டர்தான். ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகும் 2.4 மீட்டராவது மிஞ்ச வேண்டும். வீடு முழுவதும் போடுவதைவிட, குளிரூட்டிக் குழாய் ஓடும் ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை போட்டால் செலவும் குறையும், வீடும் தாழ்வாகத் தெரியாது.

சன்னலை மாற்ற அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட குத்தகையாளர்தான் வரவேண்டும். சன்னல் கீழே விழுந்தால் பொறுப்பு வீட்டுக்காரருடையது. இந்த விஷயத்தில் விலை பேசி யாரோ ஒருவரை அழைக்காதீர்கள்.

3. பணம்

மத்திய சேமநிதிப் பணத்தை இந்த வேலைக்கு எடுக்க முடியாது. வீட்டுக் கடனும் இதற்கு உதவாது. வங்கிகள் தரும் அலங்காரக் கடன் பொதுவாக 30,000 வெள்ளி அல்லது ஆறு மாதச் சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. தவணை 5 ஆண்டு வரை. மீதியைச் சேமிப்பிலிருந்துதான் போட வேண்டும்.

நாலறை பிடிஓ வீட்டை ஓரளவு நிறைவாக முடிக்க 40,000 முதல் 70,000 வெள்ளி வரை சொல்வார்கள். மறுவிற்பனை வீட்டில் பழைய ஓடு உடைப்பது, ஒயரிங் மாற்றுவது எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டும். குளிரூட்டி, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சோபா, திரைச்சீலை இதில் சேராது. அவற்றுக்குத் தனியாக எழுதி வையுங்கள். எதிர்பாராத செலவுக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

விலை கேட்கும்போது பொருள் சேவை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். 9 விழுக்காடு என்பது 50,000க்கு 4,500 வெள்ளி. வரிக்குப் பதிவு செய்யாத நிறுவனம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

சிங்கப்பூரர் குடும்பங்களுக்குப் பருவநிலைப் பற்றுச்சீட்டு இருக்கிறது. எல்இடி விளக்கு, டிசி மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றைச் சிக்கன ரகத்தில் வாங்கினால் பயன்படுத்தலாம். 2024இல் 300 வெள்ளியாகத் தொடங்கி 2025இல் 400 ஆனது. சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) மூலம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

4. யாரிடம் கொடுப்பது

டிசைனர் நிறுவனம், நேரடிக் குத்தகையாளர் என்று இரண்டு வழி. வேலை நேரத்தில் போய் நிற்க ஆள் இருந்தால், என்ன வேண்டும் என்பதிலும் தெளிவு இருந்தால், நேரடிக் குத்தகையாளர் மலிவு. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் டிசைனருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

எந்த வழியானாலும் வீவக பட்டியலில் பதிவுபெற்ற குத்தகையாளராக இருக்க வேண்டும். பெயரை அங்கே தேடிப் பாருங்கள். அப்புறம் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அங்கீகாரம் உள்ள நிறுவனம் நீங்கள் கட்டும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு தரவேண்டும். நிறுவனம் நடுவில் மூடிவிட்டால் இதுதான் கைகொடுக்கும்.

மூன்று இடத்திலாவது கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தத் தொகையை ஒப்பிடுவதில் பயனில்லை, வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஒருவர் 38,000 என்பார், இன்னொருவர் 47,000 என்பார். பிரித்துப் பார்த்தால் முதலாமவர் ஓடு ஒட்டும் கூலியை மட்டும் போட்டு ஓட்டின் விலையை விட்டிருப்பார். குப்பை அகற்றுவது, தரையை மூடிப் பாதுகாப்பது, கடைசிச் சுத்தம், பெர்மிட் (வேலைக்கு வீவக தரும் அனுமதி) கட்டணம் இருக்கிறதா என்று தேடுங்கள். பிளக் பாயின்ட் எத்தனை, விளக்குப் பாயின்ட் எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்க வேண்டும்.

தச்சு வேலை அடிக் கணக்கு. எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் சமையலறை மேல் அலமாரி, கீழ் அலமாரி தனித்தனியாக அடிக்கு 120 முதல் 160 வெள்ளி வரை இருந்தது. அந்த விலையில் எந்த வகை லேமினேட், உள்பக்கம் என்ன, கீல் எந்தத் தயாரிப்பு, இழுப்பறை மெதுவாக மூடுமா என்பதெல்லாம் அடக்கமா? ‘இழுப்பறைக்குத் தனி விலை’ என்று பாதி வேலையில் சொன்னால் உங்களால் மறுக்க முடியாது.

பணம் கட்டும் தவணையைப் பாருங்கள். வேலை தொடங்கும் முன்பே பாதிக்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஓடு வேலை முடிந்ததும் இவ்வளவு, தச்சு வேலை வீட்டுக்குள் வந்ததும் இவ்வளவு என்று வேலையோடு ஒட்டியே பணம் போகவேண்டும். கடைசி 5 முதல் 10 விழுக்காடு எல்லாக் குறையும் தீர்ந்த பிறகுதான். நடுவில் எதை மாற்றினாலும் விலையோடு எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான், அழிக்காதீர்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன எதுவும் கடைசிப் பில்லில் வேறு மாதிரி வரும்.

5. உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற வரைபடம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஷோரூம் சமையலறைகளில் யாரும் சமைப்பதில்லை. நம் வீட்டில் தாளிப்போம், மீன் பொரிப்போம், ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்போம்.

கிரைண்டரிலிருந்தே தொடங்குங்கள். அதை மேல் அலமாரியில் வைக்க முடியாது, தினமும் மேடையில் வைக்கவும் இடமில்லை. கீழ் அலமாரியில் ஒரு பெட்டியைக் கதவு இல்லாமலோ, தட்டு வெளியே இழுபடும்படியோ செய்து, பக்கத்திலேயே ஒரு பிளக் பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள். செய்யும்போது கிரைண்டரின் உயரத்தையும் எடையையும் தச்சரிடம் சொல்லுங்கள். தட்டு தாங்கும் எடை அதைப் பொறுத்தது. பெரிய சோற்றுப்பானை கழுவ ஆழமான ஒற்றைத் தொட்டி நல்லது.

மேடைக் கல்லில் வெள்ளைக் குவார்ட்ஸ் இப்போது எல்லாருக்கும் பிடிக்கிறது. வாங்கும் முன் கடையில் மாதிரித் துண்டு கேளுங்கள். எண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளை அதன்மேல் தடவி ஓர் இரவு விட்டுக் காலையில் தேய்த்துப் பாருங்கள். கறை நின்றால் வேறு நிறம் எடுங்கள். நாங்கள் நான்கு துண்டுகளில் செய்துபார்த்தோம். சாம்பல் கோடு ஓடும் மங்கலான பழுப்புக் கல்தான் தப்பியது. இதே சோதனையை மேட் லேமினேட்டுக்கும் செய்யலாம்.

திறந்த சமையலறை வேண்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கூடம் பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. சாம்பார் வாசனை சோபாத் துணியில் தங்கும் என்பதும் உண்மை. என் யோசனை, அரைச் சுவருக்கு மேல் கண்ணாடியும் இழுகதவும். வெளிச்சம் வரும், புகை வராது. சுவரை எடுக்கப் பெர்மிட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்தது சாமி இடம். கூடத்து அலமாரியோடு ஒட்டிக் கதவு போட்டுச் செய்தால் விருந்தினர் வரும்போது மூடிக்கொள்ளலாம், பூசை நேரத்தில் திறந்துகொள்ளலாம். விளக்கு எரியும் தட்டுக்கு மேல் குறைந்தது ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். மேல்பலகைக்கு லேமினேட் போட்டால் சில மாதத்தில் கருகிப் போகும், அங்கே ஓடோ கண்ணாடியோ ஒட்டச் சொல்லுங்கள். எண்ணெய் வழியாமல் இருக்கத் தட்டிலும் ஒரு கல் துண்டு போடலாம். 2018 ஜூனிலிருந்து புது வீடுகளுக்குத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அது கூரையில் எங்கே வருகிறது என்று பார்த்து, சாம்பிராணிப் புகை நேராக அதற்குப் போகாத மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு பொருள் வைக்கும் இடம். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள்: பெட்டிகள், தீபாவளிப் பாத்திரங்கள், விருந்தினருக்கான பாய், தலையணை, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பள்ளிப் பைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த அலமாரி என்று எழுதுங்கள். எழுத முடியாத பொருள் நாளை சோபாவில்தான் கிடக்கும். அலமாரியைக் கூரைவரை ஏற்றிவிடுங்கள். மேலே தூசு சேராது, கண்ணுக்கும் அமைதியாக இருக்கும். காலணி அலமாரியை வீட்டுக்குள் வைக்கப் பாருங்கள். நடைபாதையில் வைத்தால் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்.

பிளக் பாயின்ட்டுக்குத் தரைப்படத்தைத் தாளில் அச்சிட்டு, ஒருநாள் முழுக்க யார் எங்கே என்ன செருகுகிறார்கள் என்று குறியுங்கள். கட்டிலின் இரு பக்கம், சாப்பாட்டு மேசை அருகே, சீரியல் விளக்குக்காகச் சாமி அலமாரிக்குள், ரோபோ துடைப்பானுக்காக ஏதாவது ஒரு அலமாரியின் அடியில். சுவர் பூசிய பிறகு ஒரு பாயின்ட் சேர்த்தால் குழாய் வெளியே தெரியும். இன்டக்‌ஷன் அடுப்பு, அவன் வாங்குவதாக இருந்தால் தனி சர்க்யூட் தேவையா என்று இப்போதே கேளுங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகு நிறம். ஒரு மரச் சாயல், ஒரு கல், ஒரு சுவர் நிறம். இந்த மூன்றையே எல்லா அறையிலும் கொண்டுபோங்கள். அறைக்கு ஒரு ரகம் என்று போனால் சின்ன வீடு துண்டு துண்டாகத் தெரியும். கூடத்துக்கு 3000 கெல்வின் மஞ்சள் ஒளி, சமையலறைக்கு 4000. திரைச்சீலையைக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டால் அறை உயரமாகத் தெரியும். வரிவரியான மரப்பட்டைகள் இப்போது பிரபலம், ஆனால் இடுக்கில் தூசு அடையும். ஒரு சின்னச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டியின் குத்துவிளக்கு, தேக்கு ஊஞ்சல் மாதிரி ஒரு பொருள் இருந்தால் அதைச் சுற்றிக் காலி இடம் விடுங்கள். நவீன வீட்டில் அது அழகாகவே நிற்கும்.

விளக்குக்கும் குளியலறைச் சாமான்களுக்கும் பாலஸ்டியர் சாலையில் ஒரு நடை போய் வாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கடையிலேயே விலை மாறும்.

6. பெர்மிட்டும் நாட்காட்டியும்

பெர்மிட்டுக்குக் குத்தகையாளர் விண்ணப்பிப்பார், ஒப்புதல் நீங்கள் தரவேண்டும். வேலை தொடங்கும் முன் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தச் சுவர், எந்தத் தரை என்று அதில் இருக்கும். சாயம் பூசுவதற்கும் அலமாரி பொருத்துவதற்கும் பெர்மிட் வேண்டாம்.

பெர்மிட் கிடைத்ததிலிருந்து புதுக் கட்டடத்தில் 3 மாதத்திலும், ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் 1 மாதத்திலும் பெர்மிட்டில் உள்ள வேலையை முடிக்க வேண்டும். பொதுவான வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. இடிப்பது, ஓடு வெட்டுவது போன்ற இரைச்சல் வேலை வாரநாளில் மட்டும், 9 முதல் 5 வரை. ஞாயிறு, பொது விடுமுறையில் எதுவும் கூடாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற பெரிய நாட்களுக்கு முந்திய நாளிலும் இரைச்சல் வேலை கூடாது. அண்டை வீட்டாரிடம் நீங்களே நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். கைக்குழந்தையோ இரவுப் பணி செய்பவரோ இருந்தால் இடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லலாம்.

நாட்காட்டியில் பெரிய பொறி சீனப் புத்தாண்டு. பல தச்சுப் பட்டறைகள் மலேசியாவின் ஜொகூரில் இருக்கின்றன. பண்டிகையை ஒட்டி அவை மூடிவிடும், அதற்கு முன் எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் அவசரப்படுத்துவார்கள். எங்கள் அலமாரிகள் அப்படித்தான் பட்டறையிலேயே வாரக்கணக்கில் கிடந்தன, வாடகை வீட்டுக்கு இன்னொரு மாதம் கட்ட வேண்டியதாயிற்று. டிசம்பரில் கையெழுத்திட்டு ‘புத்தாண்டுக்குள் தருகிறோம்’ என்றால் நம்பாதீர்கள்.

நம் பக்கத்தில் ஆடி, புரட்டாசி, மார்கழியில் குடிபுகமாட்டோம். வேலைக்கு 8 முதல் 12 வாரம் போட்டு, அதன்மேல் 3 வாரம் கூட்டி, அதற்குப் பிறகு நல்ல நாள் பாருங்கள். நாளை முதலில் குறித்துவிட்டுக் குத்தகையாளரை ஓட்டினால் பிசிறு வேலைதான் கிடைக்கும். தேதி தள்ளமுடியாது என்றால், சாவி வாங்கியதும் வெறும் வீட்டிலேயே கையடக்க அடுப்பில் பால் காய்ச்சிவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கலாம். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். குழாய் எரிவாயு வேண்டுமானால் சிட்டி எனர்ஜியிடம் இணைப்புக்கு முன்பதிவு செய்யவேண்டும், கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

7. வேலை நடக்கும் வரிசை

இடிப்பு, ஓடு, குழாய், ஒயரிங், குளிரூட்டிக் குழாய், ஃபால்ஸ் சீலிங், தச்சு, மேடைக் கல், சாயம், விளக்கு, சுத்தம். குளிரூட்டிக்காரர் சீலிங்குக்கு முன் வரவேண்டும் என்பதை நீங்களே இருவருக்கும் நினைவூட்டுங்கள். அவரை நீங்கள் தனியாக அமர்த்தியிருந்தால் குத்தகையாளர் அவருக்காகக் காத்திருக்க மாட்டார்.

ஒயரிங் முடிந்து சுவரை மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது ஒயர் எங்கே ஓடுகிறது என்று தெரியும். தச்சர் இறுதி அளவெடுப்பது ஓடு ஒட்டிய பிறகுதான், அந்த நாளில் வீட்டில் இருங்கள். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரத்தின் மாடல் எண் அன்று கையில் இருக்க வேண்டும். அங்கிருந்து அலமாரி வர 3 முதல் 5 வாரம். கீழ் அலமாரி பொருத்திய பிறகே கல்லுக்கு அளவெடுப்பார்கள், ஆகவே அடுப்பும் தொட்டியும் இன்னும் ஒன்றிரண்டு வாரத்துக்கு வராது.

குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு போட்டால், வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். அதன் பிறகே ஓடு.

8. ஒப்படைப்பு

பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவில் எல்லா விளக்கும் போட்டு ஒருமுறை பாருங்கள். சாயத்தின் திட்டு இரவில்தான் தெரியும். ஒவ்வொரு இழுப்பறையையும் முழுக்க இழுங்கள். எல்லா பிளக்கிலும் கைப்பேசியைச் செருகுங்கள். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, தொட்டிக்கு அடியில் கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பட்டியலைப் படத்தோடு அனுப்பி, முடிக்கும் தேதியை எழுத்தில் வாங்கிய பிறகு கடைசித் தவணை.

புது அலமாரிகளில் பசை நெடி இருக்கும். ஒன்றிரண்டு வாரம் எல்லாக் கதவையும் திறந்து, சன்னலையும் திறந்து மின்விசிறி ஓடட்டும். கைக்குழந்தை இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

தகராறு முற்றினால் முதலில் பயனீட்டாளர் சங்கம். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம், ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, படங்கள், வாட்ஸ்அப் செய்திகள்தான் அங்கே பேசும்.

அப்புறம் காப்புறுதி. வீவக கடனோடு எடுக்கும் தீக்காப்புறுதி கட்டடத்துக்கும் வீவக பொருத்தித் தந்தவற்றுக்கும் மட்டும்தான். நீங்கள் செய்த அலமாரி, தரை, சாமான் எதுவும் அதில் வராது. வீட்டுப் பொருள் காப்புறுதியைத் தனியாக எடுங்கள். குடிபுகும் முன்பே ஒவ்வொரு அறையையும் படம் பிடித்து, குத்தகையாளரின் இறுதிப் பில்லோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.